நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் அவற்றைச் சுற்றி எழுந்திருக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் நாய் இல்லாத தெரு கிடையாது. வாசலில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லார் வீட்டுச் சோற்றையும் தின்று வளர்வது ஒன்று. நாயைப் பற்றிப் பேசாத நாளும் கிடையாது. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று வாக்கியங்கள். "இடம் கொடுத்தா தலைமேல ஏறிடும்." "நாமதான் எஜமான்னு காட்டணும்." "செஞ்ச தப்பு அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க."

மூன்றுமே தவறு. இவற்றை நம்பி நடப்பதால்தான் நாய்கள் அடிபடுகின்றன, பிள்ளைகள் கடிபடுகிறார்கள். நாய் எப்படிக் கற்கிறது என்பதை நூறாண்டுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் அடிப்படை கடினமானதல்ல. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைத்துவிடலாம்.

ரொட்டிக்காரர் வரும் நேரம்

சாயங்காலம் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் முனையில் ஹாரன் கேட்டதுமே பிள்ளைகளுக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். ரொட்டி இன்னும் கண்ணில் படவில்லை, வாசனையும் வரவில்லை. ஹாரன் சத்தத்துக்கும் காயா எனும் தேங்காய்ப்பால் ஜாம் வைத்த பன்னுக்கும் இயற்கையில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒன்றை அடுத்து மற்றொன்று பலமுறை வந்ததால் மூளை இரண்டையும் சேர்த்துவிட்டது. இதில் பிள்ளை எதையும் யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகவே செய்கிறது.

அடுத்து, பிள்ளை அம்மாவிடம் பன் கேட்கிறது. "வேண்டாம், சோறு இருக்கு" என்கிறார் அம்மா. பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுகிறது. பக்கத்து வீட்டு அக்கா பார்க்கிறார், ரொட்டிக்காரரும் பார்க்கிறார். அம்மா இரண்டு வெள்ளியை (ரிங்கிட்) எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அன்றைக்குப் பிள்ளை ஒரு பாடம் படித்துவிட்டது. அழுதால் பன் வரும். நாளைக்கு அது கேட்காது, நேரே அழும்.

முதலில் நடந்தது, எதைத் தொடர்ந்து எது வரும் என்று கற்பது. இரண்டாவது, எதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று கற்பது. நாய் நம்மிடம் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான். அது பிள்ளையைவிடக் குறைவாகப் பேசுகிறது, நம்மைவிடக் கூர்மையாகக் கவனிக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வழி: எதைத் தொடர்ந்து எது

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தவர். அந்த வேலைக்காகவே 1904இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வரும் முன்பே, உணவுக்கு அறிகுறியாக வரும் சத்தத்தைக் கேட்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறுவதைக் கவனித்துத் தனியாக ஆராய்ந்தார். இப்படி இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வருவதால் மூளை அவற்றைச் சேர்த்துக்கொள்வதைத் தொடர்புறுத்திக் கற்றல் என்கிறோம்.

உங்கள் நாய் இதை ஒவ்வொரு நாளும் செய்கிறது. சங்கிலியை எடுக்கும் சத்தம் கேட்டால் துள்ளுகிறது. பத்து மோட்டார் போனாலும் உங்கள் மோட்டார் சத்தத்துக்கு மட்டும் எழுந்து நிற்கிறது. கால்நடை மருத்துவரின் கிளினிக் வாசலிலேயே நடுங்குகிறது, ஊசி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு ஆள் வருகிறார், நாய் குரைக்கிறது, நீங்கள் பிரம்பால் ஓர் அடி வைக்கிறீர்கள். "குரைக்காதே" என்று சொல்லிக்கொடுத்ததாக நினைக்கிறீர்கள். நாயின் பக்கமிருந்து பாருங்கள். வெளியாள் வந்தார், வலி வந்தது. அடுத்த வாரமும் வெளியாள் வந்தார், வலி வந்தது. நாய் கற்றுக்கொள்வது, வெளியாள் வந்தால் எனக்கு வலிக்கும் என்பதைத்தான். அதன்பின் அது முன்பைவிட மூர்க்கமாகப் பாய்ந்தால், அடித்துக் கற்பித்த பாடம் சரியாக மனதில் பதிந்துவிட்டது என்று அர்த்தம். அடி வாங்கியும் திருந்தாத நாய் என்று நாம் பட்டம் கட்டுபவற்றில் பல இப்படி உருவானவையே.

இதே வழியை நல்லதற்கும் பயன்படுத்தலாம். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போது கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாய்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதன் காது நம் காதைவிடக் கூர்மை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும் ஒலி அதற்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கிறது. பண்டிகைக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே, கைபேசியில் பட்டாசுச் சத்தத்தை மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, அதைத் தொடர்ந்து அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு கொடுங்கள். நாய் சத்தத்தைக் கேட்டுப் பயப்படாமல் உங்கள் கையைப் பார்க்க ஆரம்பித்த பிறகே சத்தத்தை ஒரு படி ஏற்ற வேண்டும். நடுங்கினால் ஒரு படி இறக்குங்கள். பயம் தரும் ஒன்றை நல்ல ஒன்றோடு சேர்த்துப் பயத்தை மாற்றும் இந்த முறைக்கு எதிர்ப்பழக்கம் என்று பெயர். பயந்த நாய்க்குத் தீனி கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது நடக்காது. பயம் என்பது உணர்ச்சி. தீனி கிடைக்கிறதே என்று எந்த உயிரும் வேண்டுமென்றே பயப்படுவதில்லை.

இரண்டாம் வழி: எதைச் செய்தால் என்ன

1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே மீன் துண்டு வைத்தார். உள்ளே ஒரு கயிற்றை இழுத்தாலோ பலகையை மிதித்தாலோ கதவு திறக்கும். பூனை முதலில் கீறும், கடிக்கும், தற்செயலாகக் கயிற்றை இழுத்து வெளியே வரும். திரும்பத் திரும்ப அடைக்க, வெளியே வரும் நேரம் குறைந்துகொண்டே போனது. பலன் தந்த செயல் நிலைத்தது, பலன் தராதது உதிர்ந்தது. பின்னால் பி.எஃப். ஸ்கின்னர் இதையே விரிவாக ஆராய்ந்தார். ஒரு செயலுக்குப் பின் வரும் விளைவால் அந்தச் செயல் அடிக்கடி நடக்கத் தொடங்கினால், அந்த விளைவு வலுவூட்டல் எனப்படும். விளைவால் செயல் குறைந்தால் அது தண்டனை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எது பலன் என்பதை நாய்தான் முடிவு செய்கிறது, நாமல்ல. தீனி மட்டும் பலனல்ல. கதவு திறப்பதும் பலன், நீங்கள் திரும்பிப் பார்ப்பதும் பலன், பயந்த ஒன்று விலகிப் போவதும் பலன்.

விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும் மோட்டார்களை நாய் துரத்துவதை எடுத்துக்கொள்வோம். வேலி ஓரமாக மோட்டார் வருகிறது. நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. மோட்டார் போய்விடுகிறது. அது எப்படியும் போகத்தான் போகிறது, ஓட்டுபவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனால் நாய்க்கு அது தெரியாது. துரத்தினேன், ஓடிவிட்டது. அடுத்த மோட்டார், அதே பலன். ஒரு காலை நேரத்தில் இருபது முப்பது மோட்டார் போகும் சாலையில், யாரும் கற்பிக்காமலேயே நாய்க்கு ஒவ்வொரு நாளும் இருபது முப்பது முறை வலுவூட்டல் கிடைக்கிறது. மாலையில் நீங்கள் ஒருமுறை அதட்டுவது அதற்கு முன் எம்மாத்திரம்? தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும் நாயின் கதையும் இதுதான்.

அப்புறம், நேரம். செயல் நடந்து ஓரிரு விநாடிக்குள் விளைவு வந்தால் நாய் இரண்டையும் எளிதாகச் சேர்த்துக்கொள்ளும். உட்காரச் சொல்லி, அது உட்கார்ந்து, நீங்கள் அடுப்படிக்குப் போய் ஈரலை எடுத்து வருவதற்குள் அது எழுந்து நின்றுவிட்டது என்றால், நீங்கள் பரிசளித்தது எழுந்து நின்றதற்கு. ஆகவே தீனியைக் கையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சொல்லையும் தேர்ந்தெடுங்கள். "சபாஷ்" போதும். அந்தச் சொல்லைச் சொன்னதும் தீனி வரும் என்று முதல் வழியில் பழக்கிவிட்டால், தூரத்தில் இருந்தும் சரியான விநாடியில் "அதுதான்" என்று நாய்க்குத் தெரிவித்துவிடலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால் இவ்வளவுதான். நாய் சூழலில் எதைத் தொடர்ந்து எது வருகிறது என்று கணிக்கிறது. தனக்குப் பலன் தந்ததை மறுபடி செய்கிறது. பலன் உடனே வர வேண்டும். அது நம்மை மதிக்கிறதா, மீறுகிறதா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

"தப்பு செய்த முகம்"

வீட்டுக்கு வருகிறீர்கள். செருப்பு கடிபட்டுக் கிடக்கிறது. நாய் தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு நிற்கிறது. "பாத்தியா, தெரிஞ்சேதான் செஞ்சிருக்கு!"

அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். 14 நாய்கள். உரிமையாளர், "இதைத் தின்னக் கூடாது" என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு அறையைவிட்டுப் போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்லப்படும். அது சில நேரம் உண்மை, சில நேரம் பொய். தின்றதாக நம்பியவர் நாயை ஏசுவார். முடிவு என்ன? நாய் உண்மையில் தின்றதா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. உரிமையாளர் ஏசினால் முகம் வந்தது. ஒரு தப்பும் செய்யாமல் ஏச்சு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகவே தெரிந்தது.

அந்த முகம் குற்ற உணர்ச்சியல்ல. உங்கள் குரலையும் முகத்தையும் தோள் விறைப்பையும் பார்த்து அது காட்டும் பயம், "என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்ற கெஞ்சல். செருப்பைக் கடித்தது மதியம். நீங்கள் அடிப்பது மாலை ஆறு மணிக்கு. அதன் கணக்கில் நீங்கள் வீடு திரும்பியதும் வலி வந்தது, அவ்வளவே. வாசலில் உங்களைப் பார்த்ததும் ஒடுங்கும் நாயைப் பார்த்து, பயம் இருக்கிறது, அதனால் நல்ல நாய் என்று பெருமைப்படுவோர் உண்டு. எனக்கு அதைப் பார்க்கவே மனம் தாங்குவதில்லை. செருப்பை அலமாரியில் வைத்துவிட்டு, கடிக்க ஒரு உரித்த தேங்காய் மட்டையோ கெட்டி ரப்பர் பொம்மையோ கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம் அது. மட்டையைத் துண்டாக்கி விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தலைவன் கதை எங்கிருந்து வந்தது

நாய் ஓநாய் வழிவந்தது, ஓநாய்க் கூட்டத்தில் சண்டையிட்டு வென்றதுதான் தலைவன், ஆகவே வீட்டில் நாம் தலைவனாக இருக்க வேண்டும். இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து அது பரவியது. ஒன்றோடொன்று உறவில்லாத ஓநாய்களை, ஓட இடமில்லாத அடைப்பில் சேர்த்து வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரும் ஒரு காலத்தில் இந்தக் கருத்தைப் பரப்பியவர்தான். பின்னர் வட கனடாவில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கவனித்துவிட்டு, 1999இல் அவரே அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களின் குட்டிகள். அங்கே தலைமை என்பது பெற்றோராக இருப்பதுதான், குத்துச்சண்டையில் ஜெயிப்பதல்ல.

ஆகவே நாயைக் கீழே உருட்டி அமுக்குவது, கழுத்துத் தோலைப் பிடித்து உலுக்குவது, "நான் முதலில் சாப்பிட வேண்டும்" என்று காத்திருக்க வைப்பது எதற்கும் அடிப்படை கிடையாது. அமுக்கப்பட்ட நாய் தலைமையைப் புரிந்துகொள்வதில்லை. உயிருக்குப் பயந்து அசையாமல் கிடக்கிறது. சில நாய்கள் அந்த நேரத்தில் முகத்தைக் கடித்துவிடும்.

அடித்தால் நின்றுவிடுகிறதே?

நியாயமான கேள்வி. அடித்தால் குரைப்பு அந்த நொடியில் நிற்கிறது. அடித்தவருக்கு அதுவே பலன், அதனால் அவர் கை மறுபடியும் ஓங்குகிறது. நாய்க்குச் சொன்ன அதே விதி நமக்கும்தான்.

போர்ச்சுகல் நாட்டில் செய்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிப் பள்ளிகளில் பயின்ற 92 வீட்டு நாய்களைப் பார்த்தார்கள். கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுப்பது, அதட்டுவது போன்றவற்றை அதிகம் பயன்படுத்திய பள்ளிகளின் நாய்களிடம், தீனியும் பாராட்டும் கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட, பதற்றத்தின் அறிகுறிகள் அதிகம். எச்சிலில் உள்ள கார்ட்டிசால் என்ற பதற்றச் சுரப்பும் பயிற்சிக்குப் பின் கூடுதலாக உயர்ந்தது. பள்ளிக்கு வெளியே, உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை வைத்தபோதும் அந்த நாய்கள் தயங்கித் தயங்கியே போயின. அவை பொதுவாகவே நல்லதை எதிர்பார்க்காத நாய்களாகிவிட்டிருந்தன. அமெரிக்காவில் விலங்கு நடத்தை பற்றி இயங்கும் கால்நடை மருத்துவர் சங்கம், எல்லா நாய்களுக்கும் பலன் தரும் முறைப் பயிற்சியே வேண்டும் என்று 2021இல் அறிவித்தது. மூர்க்கமான நாய்களுக்கும் அதுவேதான் என்றது.

"தோட்டத்தில் அந்தக் காலத்தில் அடித்துத்தானே வளர்த்தார்கள்?" என்பார்கள். அந்த நாய்கள் கட்டிப்போடப்படாமல் திரிந்தவை. பிடிக்காத ஆள் வந்தால் செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டு இரவில் வந்தால் போதும். தாமானில் 20 அடி அகல வீட்டு வாசலில், இரும்புக் கேட்டுக்குப் பின்னால், சங்கிலியில் நிற்கும் நாய் எங்கே விலகிப் போகும்?

உறுமல் ஒரு தகவல்

நாய் கடிப்பதற்கு முன் பெரும்பாலும் பலமுறை சொல்லிவிடுகிறது. முகத்தைத் திருப்பும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். தீனி இல்லாமலே உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். உடம்பு அப்படியே உறையும். அதன்பின்னும் நாம் விலகாவிட்டால்தான் உறுமும். வாலாட்டினால் நட்பு என்பதும் முழு உண்மையல்ல. உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, சின்னதாக வேகமாக ஆடினால் அது எச்சரிக்கையாக இருக்கலாம். இடுப்பே சேர்ந்து ஆடும் தளர்ந்த ஆட்டம் வேறு.

உறுமும் நாயை அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்தமுறை அது உறுமாமலே கடித்துவிடலாம். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று பிறகு சொல்கிறோம். உறுமினால் நின்று, பின்வாங்கி, எதனால் என்று பாருங்கள். சாப்பிடும்போதா, தூங்கும்போது தொட்டதாலா, பிள்ளை கழுத்தைக் கட்டிப் பிடித்ததாலா? சாப்பிடும் நாயிடமும் தூங்கும் நாயிடமும் போகக் கூடாது, நாயைக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நாயைப் பழக்குவதைவிட அவசரமான வேலை. யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். சரவாக்கில் 2017இலிருந்து வெறிநாய்க்கடி நோயால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அதற்கு மருந்தல்ல.

சரி, எங்கே தொடங்குவது

ஆள்மேல் தாவும் நாயிடம் தொடங்கலாம், அது எளிது. தாவுவதற்குக் கிடைக்கும் பலன் நம் கவனம். தள்ளிவிடுவதும் "ச்சீ போ" என்பதும்கூட அதற்குக் கவனம்தான். தாவினால் முதுகைக் காட்டுங்கள், பேச வேண்டாம். நான்கு காலும் தரையில் பட்ட விநாடியில் "சபாஷ்", தீனி, தடவல். முதல் சில நாள் தாவல் கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது இன்னும் பலமாக முயன்று பார்ப்பது இயல்பு, அதைக் கண்டு விட்டுவிடக் கூடாது. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். தாத்தா மட்டும் தாவும்போது கொஞ்சினால், எப்போதாவது கிடைக்கும் அந்தப் பலன் பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கிவிடும்.

மோட்டாரைத் துரத்தும் நாய்க்கு முதலில் துரத்தும் வாய்ப்பை எடுத்துவிட வேண்டும். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் மறையுங்கள், பெரட்டு நேரத்தில் பின்கட்டில் விடுங்கள். பிறகு சாலையிலிருந்து நல்ல தூரத்தில், மோட்டார் தெரிந்தும் நாய் குரைக்காத தூரத்தில், கயிற்றோடு நிற்கலாம். மோட்டாரைப் பார்த்தது, தீனி. மறுபடி பார்த்தது, தீனி. மோட்டார் வந்ததும் உங்களைத் திரும்பிப் பார்க்கும் வரை அந்த இடத்திலேயே பழக்கிவிட்டு, பிறகு சில அடி நெருங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். தீனி விரல் நகத்தளவு இருந்தால் போதும். வெங்காயம், சாக்லேட், வெந்த கோழி எலும்பு மூன்றையும் எப்போதும் தவிர்த்துவிடுங்கள்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு நல்வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரை குட்டியின் மூளை புதியதை எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் குடை, மோட்டார், முண்டாசு கட்டியவர், தலைக்கவசம் போட்டவர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், மழை தகரத்தில் விழும் சத்தம் எல்லாம் பயமில்லாமல் அறிமுகமாக வேண்டும். தடுப்பூசி முடியும்வரை தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடிக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் நாய் எப்படிக் கற்கிறது என்று பொறுமையாகச் சொன்னால் அவர் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்.

நன்றாக இருந்த நாய் திடீரென்று உறுமவோ கடிக்கவோ தொடங்கினால் பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுப் புண், பல் வலி, வயதான நாயின் மூட்டு வலி, தோலுக்குள் புகுந்த முள் என்று எதுவாகவும் இருக்கலாம். வலி இருக்கும் வரை எந்தப் பயிற்சியும் பிடிக்காது.